உலகம்மா தச்ச ரெண்டு வேஷம்

ஒரு ஊர்ல ஒரு அரிசி மில்லு அண்ணாச்சி இருந்தாரு, ஏளா. பேரு ஆவுடையப்பன். அந்த ஊர்ல யாரு வீட்டு அடுப்புல சோறு கொதிச்சாலும், அந்த அரிசி அவரு மில்லுல இருந்துதான் வந்திருக்கும். ஆனா அவரு வீட்டு வாசல்ல ஒரு காக்கா வந்து உக்காந்தா, அதுவும் பட்டினியாத்தான் எந்திரிச்சுப் போகும். அப்பேர்ப்பட்ட தாராளம்.

ம் சொல்லு. சொல்லாட்டி அத்தை வெளக்க அணைச்சுருவேன்.

ம்.

ஆங். அவரு பெண்டாட்டி பேரு உலகம்மா. அந்த வீட்டுல அலமாரிக்குப் பூட்டு, அரிசி அறைக்குப் பூட்டு, எண்ணெய்ச் சாடிக்குக்கூடப் பூட்டு. எல்லாச் சாவியும் அண்ணாச்சி இடுப்புல, அரணாக்கயித்துல தொங்கும். அவரு நடந்தா சலங் சலங்னு சத்தம் வரும். சமைக்கணும்னா உலகம்மா போயி நிக்கணும். அவரு எந்திரிச்சு வந்து, சாவியப் போட்டுத் திறந்து, அளந்து குடுத்துட்டு, திரும்பப் பூட்டி, பூட்ட இழுத்துப் பாத்துட்டுப் போவாரு. பெண்டாட்டியாச்சேன்னு கொஞ்சம் கூட்டிப் போடுவாரான்னு கேக்காத. பெண்டாட்டின்னாதான் கொறச்சுப் போடுவாரு.

அப்போ ஒரு நாளு மீன் கொழம்பு. எல்லாரும் மீனத் தின்னுட்டு முள்ளப் போடுவாங்கல்லா, அண்ணாச்சிக்கு அது பொறுக்காது. மீன் தலைய வீணாக்கலாமான்னு நறுக்கு நறுக்குன்னு மென்னாரு. மென்னாரா, ஒரு முள்ளு போயி தொண்டையில கபக்குனு மாட்டிக்கிட்டுது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. க்ஹ்ஹ், க்ஹ்ஹ்ங்காரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துட்டுது. உலகம்மா சோத்து உருண்ட குடுத்தா, எறங்கல. வாழப்பழம் குடுத்தா, எறங்கல. முதுகுல பொத்து பொத்துன்னு அடிச்சா, அதுக்கும் எறங்கல.

அப்போ அண்ணாச்சி மனசுக்குள்ள ஊர் அம்மனக் கும்பிட்டாரு. தாயே, உன் கொடைத் திருவிழாவுக்கு நான் வேஷம் கட்டுதேன்னு நேந்துக்கிட்டாரு. அந்த ஊர்ல கொடை வந்தா அப்படித்தான், ஏதாவது ஒரு வேஷம் கட்டி, வீடு வீடாப் போயிப் பிச்ச வாங்கி, கோயில்ல கொண்டு சேக்கணும். சரி, என்ன வேஷம் கட்டன்னு அந்த நேரத்துலயும் மனுசன் யோசிச்சாரு பாரு. ராசா வேஷம்னா கிரீடம் வேணும். காளி வேஷம்னா சடை வேணும், சூலம் வேணும், அத்தன கை வேணும். போலீசுன்னா பூட்சு வேணும். எதுவுமே வேண்டாத வேஷம் எதுன்னு பாத்தாரு. “தாயே, பிச்சக்கார வேஷம் கட்டுதேன்”னுட்டாரு. உசிரு போற நேரத்துலயும் செலவில்லாத வேஷமாப் பாத்து எடுத்த மனுசன் அவரு ஒருத்தருதான்.

பின்னால நின்னு முதுகுல அடிச்சுக்கிட்டிருந்தாள்ல உலகம்மா, அவளும் நேந்துக்கிட்டா. “தாயே, இந்த மனுசனக் காப்பாத்து. நானும் ஒரு வேஷம் கட்டுதேன்.” என்ன வேஷம்னு அவ சொல்லல. சொல்ல நேரமில்ல.

அடுத்த அடியில களுக்குனு முள்ளு உள்ள எறங்கிட்டுது.

ம்.

முள்ளு எறங்கினதும் பக்தியும் எறங்கிட்டுது. அண்ணாச்சி பூசாரிகிட்டப் போயி, “ஒரு தேங்கா உடைச்சிட்டா சரியாப் போவும்லா?”ன்னு கேட்டாரு. பூசாரி திருநீறு பூசிக்கிட்டே, “வேஷம்னு நேந்துட்டு தேங்காய்னு மாத்துனா, எறங்கின முள்ளு திரும்ப ஏறாதுன்னு நான் சொல்ல மாட்டேன்”ன்னுட்டாரு. அப்போ பாத்து அண்ணாச்சி தொண்டையில குறுகுறுன்னுச்சு. பயந்துட்டாரு.

“சரி, எப்படிக் கட்டணும்?”

“மூணு வீட்டுல மூணு பிடி அரிசி. கொடையன்னிக்கிப் பொழுது சாயுறதுக்குள்ள கொண்டாந்து சேக்கணும். நான் இன்னார்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாது. மில்லு அண்ணாச்சியாச்சேன்னு மரியாதைக்குப் போட்ட அரிசி செல்லாது. பிச்சக்காரன்னு நெனச்சுப் போட்டாத்தான் செல்லும்.”

அண்ணாச்சி சிரிச்சாரு. இது என்ன பெரிய விசயம், ஊர்ல இத்தன பேரு தினம் செய்யுற வேலதானேன்னாரு.

அப்புறம் வீட்டுக்கு வந்து, “ஏட்டி உலகம்மா, எனக்கு ஒரு பிச்சக்கார வேஷம் தச்சுக் குடு”ன்னாரு. சரி, அதுக்குத் துணி வேணும்லா? உலகம்மா, “மில்லுல கிழிஞ்ச சாக்கு ஒண்ணு குடுங்க”ன்னா. “சாக்குல ஒட்டுப் போட்டா இன்னும் ஒரு அறுப்புக்கு வரும்”னாரு. “அப்போ உங்க பழைய வேட்டி ஒண்ணு குடுங்க.” “பழைய வேட்டிய எல்லாம் பாத்திரக்காரன்கிட்டப் போட்டு டம்ளர் வாங்கியாச்சு”ன்னாரு. “புது வேட்டியக் கிழிக்கட்டுமா?”ன்னு கேட்டா. அதக் கேட்டதும் அவருக்கு மறுபடியும் முள்ளு மாட்டின மாதிரி ஆயிட்டுது. கடசியில, “எதயும் கிழிக்க வேண்டாம். கட்டியிருக்க வேட்டியத் திருப்பிக் கட்டிக்கிடுதேன். மூஞ்சில கொஞ்சம் சாம்பலப் பூசு. சாம்பல் அடுப்புல சும்மாத்தான கெடக்கு?”ன்னாரு.

புருசன் கொணம் உலகம்மாவுக்குத் தெரியும்லா. அவ பாட்டுக்கு ஒரு வேலைய ஆரம்பிச்சா. அவகிட்ட என்ன இருந்துச்சு? ஒரு துருப்பிடிச்ச கத்திரி, சாக்கு தைக்கிற கோணூசி, கொஞ்சம் நூலு. அடுப்புல கரி. கொல்லையில ஒரு செங்கல்லு. அவ்வளவுதான். துணிக்கு எங்க போனா தெரியுமா? எங்கயும் போகல. அந்த வீட்டுல கந்தல்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, அது அவ உடுத்துற சேலதான். ரெண்டுல ஒண்ண எடுத்தா. தேயிலத் தண்ணியில முக்கினா. வெங்காயத் தோலப் போட்டுக் கொதிக்கவெச்சு அதுல ஒரு முக்கு முக்கினா. செங்கல்லுல வெச்சு பரட் பரட்னு தேச்சா. நூலு நூலாப் பிரிஞ்சு வந்துட்டுது. ஏற்கெனவே பாதி பிரிஞ்சுதான் இருந்துச்சு, அதனால ரொம்பத் தேய்க்க வேண்டியதில்ல.

ம்.

தூங்கிட்டியோன்னு நெனச்சேன்.

கொடையும் வந்துட்டுது. டண்டணக்க டண்டணக்கன்னு மேளம் அடிக்காங்க. தெருப்பூரா வேஷம். குரங்கு போகுது, குறத்தி போறா, எமன் டீக்கடையில நின்னு டீ குடிக்கான். நம்ம அண்ணாச்சி வேட்டியத் திருப்பிக் கட்டி, கன்னத்துல ரெண்டு கோடு சாம்பல் இழுத்துக்கிட்டு, கையில ஒரு தேங்காச் சிரட்டையோட கெளம்பிட்டாரு. கண்ணாடியும் அப்படியே இருக்கு, தலையில கட்டின உருமாவும் அப்படியே இருக்கு. நடக்காரு. சலங், சலங், சலங்.

முதல் வீட்டு வாசலுக்குப் போகல, சத்தம் முன்னாலயே போயிட்டுது. அந்த வீட்டு அம்மா உள்ள இருந்தே, “மில்லு அண்ணாச்சி வாராவ, நாற்காலிய எடுத்துப் போடுங்க”ங்கா. தாம்பாளத்துல அரிசி, வெத்தல, பழம் எல்லாம் வெச்சுக் கொண்டாந்து, “அண்ணாச்சி, நீங்களே வரணுமா, சொல்லியனுப்பியிருந்தா வீட்டுக்கே கொண்டாந்திருப்போமே”ங்கா. அவ புருசன் மில்லுல கடன் வெச்சிருக்கான், பாவம். அண்ணாச்சிக்குத் தெரிஞ்சு போச்சு, இது செல்லாத அரிசின்னு. ஆனா வேண்டாம்னு சொன்னாரா? செல்லாட்டியும் அரிசி அரிசிதானேன்னு தாம்பாளத்தோட வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு.

“என்னங்க, செல்லுச்சா?”ன்னா உலகம்மா.

“இந்த ஊர்ல எல்லாருக்கும் கண்ணு ரொம்ப நல்லாத் தெரியுது”ன்னாரு.

“கண்ணு இல்ல, காது. பிச்சக்காரன் இடுப்புல சாவிக்கொத்து தொங்குமா? கழட்டுங்க.”

அண்ணாச்சி ரெண்டு கையாலயும் இடுப்பப் புடிச்சுக்கிட்டாரு. கல்யாணம் ஆன நாள்லயிருந்து அந்தச் சாவி அவரு இடுப்ப விட்டு எறங்கினதே இல்ல. குளிக்கையிலயும் கூடவே குளிக்கும். அப்போ தொண்டையில மறுபடியும் குறுகுறுன்னுச்சு. வேற வழியில்ல. கழட்டிக் குடுத்தாரு. “எங்கயும் தொறக்காத, என்ன”ன்னாரு. அவ வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

அப்புறம் அவரக் கொல்லையில ஒரு முக்காலியில உக்காரவெச்சு வேஷம் கட்டுனா பாரு. கந்தலச் சுத்திவிட்டா. உருமாவ அவுத்துட்டு, தேங்கா நாரப் பிச்சுப் பிச்சு, கஞ்சிப் பசையத் தடவி, தலையிலயும் தாடையிலயும் ஒட்டினா. தங்கப் பல்லு மறையப் பல்லுல கரியப் பூசினா. வயித்த என்ன செய்ய? அமுக்கிப் பாத்தா, அது உள்ள போகல. போகாதுல்லா, ஊரு அரிசி முழுக்க அங்கதான இருக்கு. அதனால நார மூட்டையாக் கட்டி முதுகுல ஒரு கூன வெச்சா. கூன் பாரத்துல ஆளு குனிஞ்சுட்டாரு, வயிறு மறஞ்சுட்டுது. கால்ல கஞ்சிப் பசையும் குங்குமமும் கொழச்சுப் பூசி ஒரு புண்ண உண்டாக்குனா. அதும்மேல கருப்பட்டிப் பாக ஒரு சொட்டு விட்டா. கொய்ங்னு ஈ வந்துட்டுது. கூப்பிடாமலே வந்து வேஷத்துல சேந்துக்கிட்டுது. கடசியா மூக்குல இருந்த கண்ணாடியக் கழட்டினா.

அண்ணாச்சி தன்னையே குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. “இம்புட்டுப் பெரிய கந்தல எங்கயிருந்து புடிச்ச?”ன்னு கேட்டாரு.

“எங்கிட்ட இருந்ததுதான்.”

“எப்போ இப்படிக் கிழிஞ்சுது?”

சிரட்டைய எடுத்துக் கையில குடுத்தா.

ம்.

அப்புறம் போறாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம், ஊரு ஓரத்துல ஒரு வீடு. இப்போ சலங் சலங்னு சத்தம் இல்ல, ஈச் சத்தம்தான். ஆளப் பாத்தா அவரப் பெத்த ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது. வாசல்ல போயி நின்னாரு. நின்னு, “ஏய், யாரு உள்ள? அரிசி கொண்டா. சீக்கிரம்”னாரு.

அவருக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது, ஏளா. பொறந்ததுலயிருந்து அப்படித்தான் கேட்டுப் பழக்கம்.

உள்ள இருந்து ஒரு பொம்பள வந்தா. அரிசியோட வரல, வெளக்குமாத்தோட வந்தா. “பிச்ச எடுக்க வந்த சவத்துக்கு அதிகாரத்தப் பாரு”ன்னு பட் பட்னு ரெண்டு போட்டா. அண்ணாச்சி கூன் ஆட, தாடி ஆட, ஓடுதாரு. அந்தத் தெருவத் தாண்டி ஓடி ஒரு வேப்பமரத்தடியில விழுந்துட்டாரு. வெயிலு மண்டையப் பொளக்குது. கால்ல செருப்பு இல்ல. நாக்கு வறண்டு போச்சு. நான் யாருன்னு தெரியுமா, என்னையவா அடிச்சன்னு கேக்கலாம்னா, அதச் சொல்லவும் கூடாது. அன்னிக்கித்தான் அவருக்கு முதல் தடவையாத் தெரிஞ்சுது, தன்னோட பேரச் சொல்லாட்டித் தனக்குன்னு பேச வேற ஒரு வார்த்தையும் இல்லன்னு.

அப்போ அந்த மரத்துப் பக்கத்துல ஒரு ஓலக் குடிச. அதுல ஒரு கெழவி, கண்ணு அரைகுறையாத்தான் தெரியும். அண்ணாச்சி அந்த வாசல்ல போயி நின்னாரு. வாயத் தொறந்தாரு, சத்தம் வரல. தொண்ட காஞ்சு போயி, கரகரன்னு ஒரு சின்னச் சத்தம்தான் வந்துச்சு. “தாயே.” முள்ளு மாட்டினப்போ வந்த அதே சத்தம்.

கெழவி கையால தடவிக்கிட்டே வந்து, மொதல்ல ஒரு செம்புத் தண்ணி குடுத்தா. அப்புறம் ஒரு பிடி அரிசி போட்டா. “வெயில் தாழப் போ, அப்பு”ன்னா. அவ்வளவுதான். ஒரு பிடி ஆச்சு.

அப்புறம் ரெண்டாவது வீடு. அது யாரு வீடுன்னு அவருக்குத் தெரியாது. கண்ணாடி இல்லல்லா. பக்கத்துல போனப்புறம்தான் பாத்தாரு, அவரு மில்லுல மூட்ட தூக்குத ராமையா வீடு. ராமையா பெண்டாட்டி பேச்சித்தாய் வாசல்ல உக்காந்து மொறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டிருக்கா. டொப் டொப் டொப். திரும்பிப் போயிரலாமான்னு பாத்தாரு. அதுக்குள்ள அவ நிமிந்துட்டா.

“வாரும் தாத்தா. நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட அனுப்பக் கூடாது. ஆனா எங்கிட்ட இருக்கது இதுதான்”னு மொறத்துல இருந்து ஒரு பிடி அள்ளிச் சிரட்டையில போட்டா. கரகரன்னு விழுந்துது. அண்ணாச்சி மூஞ்சிகிட்டக் கொண்டுபோயிப் பாத்தாரு. பாதி நொறுங்கின குருண, மீதி கல்லு. வாய் சும்மா இருக்குமா? “என்னம்மா, இவ்வளவு கல்லு கெடக்கு?”ன்னுட்டாரு.

“மில்லு மொதலாளி கூலிக்கு அளந்தது. கல்லுக்கும் சேத்துத்தான் அளப்பாரு. போயி அவருட்டக் கேளும்”னா. “கேக்கப் போறீரா? போனா இதயும் சொல்லும். எம் புருசனுக்கு மூட்ட தூக்கித் தூக்கித் தோளு எறங்கிப் போச்சு. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல. மொதலாளிக்குப் பிச்சக்கார வேஷமாம் இன்னிக்கி. வேஷம் எதுக்கு, எங்க வீட்டுல வந்து நாலு நாளு இருந்தாப் போதும்லா.”

அண்ணாச்சி சிரட்டையப் பொத்திப் புடிச்சுக்கிட்டு நடந்தாரு. ரெண்டு பிடி ஆச்சு.

ம்.

அத்தன பேச்சையும் கேட்டுட்டு வருத்தப்பட்டாரா? பட்டாரு. கொஞ்ச தூரம் வரைக்கும் பட்டாரு. அதுக்கப்புறம் அவரு மூள பழையபடி வேல செய்ய ஆரம்பிச்சுட்டுது. பொழுது சாயப் போகுது, இன்னும் ஒரு பிடிதான பாக்கி, ஊரான் வீட்டுக்கு எதுக்குப் போகணும்? நம்ம வீட்டுக்கே போவோம். பூசாரி மூணு வீடுன்னுதான் சொன்னாரு, உன் வீடு ஆகாதுன்னு சொல்லலையே. வேல ரொம்ப சுளுவா முடிஞ்சுட்டுதேன்னு அண்ணாச்சிக்குச் சந்தோசம். விசுக்கு விசுக்குன்னு நடந்து வீட்டுக்கு வாராரு.

இங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேளு இப்போ.

அவரு அந்தப் பக்கம் போனதும் உலகம்மா சாவிய எடுத்தா. ஒரு நிமிசம் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் அலமாரியத் தொறந்தா. க்றீச். அண்ணாச்சியோட பட்டு ஜிப்பா, சரிகை வேட்டி, எல்லாம் மடிச்சு மடிச்சு இருக்கு. எடுத்து உடுத்தினா. தலகாணிய வயித்துல வெச்சு ஒரு துண்டால இறுக்கிக் கட்டினா. தொப்ப வந்துட்டுது. முடியச் சுருட்டி உருமாவுக்குள்ள மறைச்சா. மிச்சமிருந்த தேங்கா நார வெளக்குக் கரியும் எண்ணெயுமாக் கொழச்சு, கருகருன்னு ஆக்கி, கஞ்சிப் பசையால மூக்குக்குக் கீழ ஒட்டினா. அண்ணாச்சி மீச மாதிரி முறுக்கியும் விட்டா. மிட்டாய் சுத்துன தங்கத் தாளக் கிழிச்சு ஒரு பல்லுல ஒட்டினா, அண்ணாச்சிக்குத் தங்கப் பல்லு உண்டுல்லா. அவரு கண்ணாடிய எடுத்து மாட்டினா. சாவிக்கொத்த இடுப்புல தொங்கவிட்டா. குரலுக்குத்தான் ஒரு பாடும் படல. இத்தன வருசமாக் கேட்ட குரலுதானே, வாயத் தொறந்தா தன்னால வருது.

வெளிய வந்து, வாசல் முத்தத்துல அண்ணாச்சி நாற்காலியில கால் மேல கால் போட்டு உக்காந்தா. “யார்ல அங்க? மில்லு ஆளுகளக் கூப்பிடு. அரிசி அறையத் தொறந்து மூட்டையக் கொண்டா”ன்னு ஒரு சத்தம் போட்டா.

ஆளுக ஓடி வந்தாங்க. ஊரும் வந்துட்டுது. பாத்தா அண்ணாச்சிதான் உக்காந்திருக்காரு. ஆனா மூட்டையப் பிரிச்சு எல்லாருக்கும் அள்ளிப் போடச் சொல்லுதாரு. குருண இல்ல, கல்லு இல்ல, நல்ல புது அரிசி. சில பேரு ஏதோ புத்தி பேதலிச்சுட்டுதுன்னு நெனச்சாங்க. பாதிப் பேருக்கு ரெண்டாவது நிமிசமே தெரிஞ்சு போச்சு, இது உலகம்மா அக்கான்னு. தெரிஞ்சு? ஒருத்தனாவது வாயத் தொறந்தானா? அரிசி வாங்குற நேரத்துல எவன் போயி மீசைய இழுத்துப் பாப்பான்? “அண்ணாச்சி நல்லா இருக்கணும்”னு வாழ்த்திக்கிட்டே மடிய விரிச்சாங்க. ராமையாவும் வந்தான். அவனப் பாத்ததும், “உனக்கு ரெண்டு பங்கு. நாளையிலயிருந்து ஒரு வாரம் மூட்ட தூக்கக் கூடாது, வீட்டுல கெட”ன்னு அதட்டுனா. அண்ணாச்சி குரல்ல அப்படி ஒரு வார்த்தையக் கேட்டதே இல்லையா, அவனுக்கு அழுகையே வந்துட்டுது.

அப்போதான் நம்ம பிச்சக்காரரு வந்து சேந்தாரு.

தூரத்துல இருந்து பாக்காரு. கண்ணு சரியாத் தெரியல. வாசல் பூரா ஜனம். நடுவுல நாற்காலியில யாரோ. இன்னும் கிட்டப் போனாரு. நாற்காலியில ஆவுடையப்பன் உக்காந்திருக்கான். அப்போ இங்க நிக்கிறது யாரு? அவருக்குத் தலையச் சுத்திட்டுது. இடுப்பத் தடவிப் பாத்தாரு, சாவி இல்ல. அங்க நாற்காலியில சலங்னு சத்தம் கேட்டுது.

புரிஞ்சு போச்சு. ஏட்டின்னு கத்த வாயத் தொறந்தாரு. தொண்டையில குறுகுறுன்னுச்சு. வாய மூடிக்கிட்டாரு. சொல்ல முடியாது. சொன்னா நேர்த்திக்கடன் போச்சு, முள்ளு வந்துரும். முன்னால பாய்ஞ்சாரு. ஒருத்தன் தோளப் புடிச்சு, “தாத்தா, வரிசையில வாரும். எல்லாருக்கும் உண்டு”ன்னு பின்னால கொண்டுபோயி விட்டான். அவரு அரிசிக்கு அவரே வரிசையில நின்னாரு.

ஒவ்வொரு மூட்டையாக் காலியாகுது. சொய்ங்குனு அரிசி விழுற சத்தம் கேக்கும்போதெல்லாம் அவரு விரல மடக்கி மூட்டைய எண்ணுதாரு. பொறுக்க முடியாம, “ஐயா, எல்லாத்தையும் குடுத்துராதிய. வீட்டுக்குக் கொஞ்சம் வையுங்க”ன்னு கத்தினாரு. எல்லாரும் திரும்பிப் பாத்துச் சிரிக்காங்க. “மொதலாளிக்கே இல்லாத கவல இந்தக் கெழவனுக்கு”ன்னான் ஒருத்தன்.

கடசியில அவரு முறை வந்துட்டுது. வேற ஆளு இல்ல, மூட்டையில அடியில கொஞ்சம்தான் கெடக்கு. உலகம்மா கண்ணாடிக்கு மேல பாத்தா.

“யார்ல நீ? கை காலு நல்லாத்தான இருக்கு? உழைச்சுத் திங்க முடியாதா?”ன்னா. அண்ணாச்சி தினம் வாசல்ல நிக்கிறவங்களப் பாத்துச் சொல்லுற வார்த்த, அச்சு அசல்.

அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு, “பிச்ச”ன்னாரு.

“கேக்கல.”

“பிச்ச போடு.”

“எனக்குக் காது கொஞ்சம் மந்தம்”னா உலகம்மா.

அவரு சூரியனப் பாத்தாரு. பனமரத்துக்குப் பின்னால எறங்கிக்கிட்டிருக்கு. குனிஞ்சாரு. ரெண்டு கையாலயும் சிரட்டைய ஏந்தினாரு. “ஐயா, ஒரு பிடி அரிசி போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்”னாரு. அந்த வீட்டு வாசல்ல நின்னு அவரு ஒருத்தர்ட்டத் தன்மையாப் பேசினது அதுதான் முதல் தடவ, ஏளா. பெண்டாட்டிகிட்டயும் அதுதான் முதல் தடவ.

அப்போ உலகம்மா அவரு காலப் பாத்தா. அவ பூசின புண்ணு ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல வெயில்ல வெந்து, கல்லு குத்தி, அவ பூசாத புண்ணும் ரெண்டு மூணு இருந்துச்சு. அவளுக்கு என்னமோ போல ஆயிட்டுது. மூட்டையில மிச்சமிருந்தத ரெண்டு கையாலயும் வழிச்சு அள்ளி, குனிஞ்சு சிரட்டையில போட்டா. போடும்போது மெதுவா, “தண்ணி குடிச்சியளா?”ன்னு கேட்டா.

அவரும் மெதுவா, யாருக்கும் கேக்காம, “ஏட்டி, இடது பக்கம் மீச தொங்குது”ன்னாரு.

அவ சட்டுனு கையக் கொண்டுபோயி அமுக்கிக்கிட்டா.

“இது செல்லுமா? நீ யாருக்குன்னு போட்ட?”ன்னு கேட்டாரு.

“எம் புருசனுக்குன்னா ஒரு மணி கூடப் போட்டிருக்க மாட்டேன். பிச்சக்காரனுக்குத்தான் போட்டேன். ஓடுங்க, பொழுது போகுது.”

ம்.

ஓடினாரு. கூன் ஒரு பக்கம், தாடி ஒரு பக்கம், கோயிலுக்கு ஓடிப் போயிச் சேந்தாரு. பூசாரி சிரட்டைய வாங்கிப் பாத்தாரு. “மூணாவது பிடி யாரு வீடு?”ன்னாரு.

“ஒரு பெரிய மனுசன் வீடு.”

“நல்ல மனுசனா?”

அண்ணாச்சி யோசிச்சாரு. “இன்னிக்கி நல்லாத்தான் இருந்தான்”னாரு.

பூசாரி மூணு பிடியையும் ஒரே பானையில போட்டாரு. கல்லு மட்டும் அடியில தங்கிட்டுது.

அப்புறம் வீட்டுக்கு வந்ததும் வராததுமா, “சாவியக் குடு”ன்னாரு. மீசையப் பிச்சு எறிஞ்சுட்டு, மூஞ்சியக் கழுவிக்கிட்டிருந்தா உலகம்மா. சாவிக்கொத்தக் குடுத்தா. எண்ணெய்ச் சாடிச் சாவி இருக்கு, அலமாரிச் சாவி இருக்கு. அரிசி அறைச் சாவிய மட்டும் காணோம். “அது எங்க?”ன்னாரு. “அது என் வேஷத்துல சேந்தது. நானும் நேந்திருக்கேன், வருசா வருசம் கட்டுதேன்னு”ன்னா. அவ ஒரு வருசத்துக்குத்தான் நேந்தா. அம்மன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பா, ஆனா ஒண்ணும் சொல்லல. அண்ணாச்சியாலயும் ஒண்ணும் சொல்ல முடியல. அன்னிக்கிலயிருந்து அந்த வீட்டு அரிசிய உலகம்மாதான் அளந்தா. கூலி அரிசியும் அதுலயிருந்துதான் போச்சு. அவ கல்லுப் பொறுக்கிட்டுத்தான் அளப்பா. அடுத்த வாரமே ரெண்டு சேல வாங்கிக்கிட்டா, யாரையும் கேக்கல.

அண்ணாச்சி திருந்திட்டாரான்னா, இல்ல. அந்த மாதிரி ஆளு ஒரு வேஷத்துல திருந்திருவானா? மறுநாளு காலையில மில்லுக்குப் போனாரு. எஞ்சின் டடடடன்னு ஓடுது. ராமையாவ ஏன் காணோம், எவன் அவனுக்கு லீவு குடுத்தான்னு நெஞ்ச நிமித்தி ஒரு சத்தம் போட்டாரு. ஆளுக எல்லாரும் நின்னு அவரப் பாத்தாங்க. அந்தத் தொப்பயப் பாத்தாங்க, அந்த உருமாவப் பாத்தாங்க. குரலையும் கேட்டாங்க. எல்லாருக்கும் உலகம்மா ஞாபகம் வந்துட்டுது. ஒருத்தன் களுக்குனு சிரிச்சான். அப்புறம் இன்னொருத்தன். பயம்னு ஒண்ணு இருந்துச்சுல்லா, அது போயே போச்சு.

அண்ணாச்சிக்கு ஒண்ணும் புரியல. என்னல சிரிப்புன்னு கேக்க வந்தவரு, கேக்காம, கையக் கொண்டுபோயி மீசையத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு, இடது பக்கம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கான்னு.

அம்புட்டுதான் ஏளா. உலகம்மா வெளக்க அணைச்சுட்டா, அண்ணாச்சி சுவரப் பாத்துப் படுத்துட்டாரு. நீயும் இனிம ம் கொட்ட வேண்டாம், கண்ண மூடு.